ஷெட்டில் தூங்கும் ஹெரால்டு

ஆவடியிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மாமனார் ஆசையாக வாங்கி, இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று வீட்டுப் பின்கட்டு ஷெட்டில் நிற்கிறதாம். அதன்மேல் பழைய பாய், உடைந்த தொட்டில், தீபாவளிக்கு வாங்கிய அட்டைப்பெட்டி எல்லாம் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. வீட்டுக்காரர், "எடைக்குப் போட்டால் இடமாவது மிச்சமாகும்" என்கிறார். பொறியியல் படிக்கும் பிள்ளை, "இதில் புது மாருதி எஞ்சினைத் தூக்கி வைத்தால் பறக்கும் அம்மா!" என்கிறான். மாமனாரோ ஒன்றும் சொல்வதில்லை. சாயங்காலத்தில் ஷெட் பக்கம் போய்ச் சிறிது நேரம் நின்றுவிட்டு வருகிறாராம். "நான் யார் பக்கம் பேசுவது?" என்று கேட்கிறார் சகோதரி.

நியாயமான கேள்விதான். மேற்குச் சென்னைப் பக்கம் ஷெட்டிலோ வேப்பமரத்தடியிலோ இப்படி ஒரு பழைய கார் நிற்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஆகையால் பதிலை எல்லாருக்கும் பொதுவாகவே சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் பழைய காரை வீட்டிலேயே புதுப்பிப்பது ஒரு பெரிய பொழுதுபோக்கு. அங்கே அதற்கென்றே 'மஸில் கார்' என்று ஒரு ஜாதி உண்டு. 1964-ல் வந்த போன்டியாக் ஜி.டி.ஓ. காரின் எஞ்சின் ஏறக்குறைய 6,400 சி.சி. நம்முடைய ஹெரால்டின் எஞ்சினோ 948 சி.சி.தான். ஏழு ஹெரால்டு சேர்ந்தால் ஒரு ஜி.டி.ஓ. என்று வைத்துக்கொள்ளுங்கள்! அவர்களுக்கு மஸில் என்றால் நமக்கு மனசு. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஹெரால்டு பிறந்த கதை ருசியானது. 1959-ல் இங்கிலாந்தில் 'டிரையம்ப் ஹெரால்டு' என்ற பெயரில் அது வெளிவந்தது. அதன் அழகுக்குக் காரணம் ஜியோவானி மிக்கெலொட்டி என்ற இத்தாலிய வடிவமைப்பாளர். 1961 முதல் நம் சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு தொழிற்சாலையில் அது 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' ஆயிற்று. அந்நாளில் காருக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கல்கத்தா பக்கம் அம்பாசடர், பம்பாயில் பியட், சென்னையில் ஹெரால்டு. இந்த மூன்றுக்குள் ஒன்று வாய்த்தால் பாக்கியம். இரண்டு கதவோடு வந்த ஹெரால்டுக்கு, புடவை கட்டிய பெரியவர்கள் பின் ஸீட்டுக்குப் போகத் திண்டாடும் நம் தேசத்துக்காகவே பிறகு நான்கு கதவு வைத்தார்கள். இங்கிலாந்தின் ஹெரால்டுக்கு அந்த யோகம் இல்லை! 1972-ல் 'கஸல்' என்று அதன் தம்பி வந்தது. அப்புறம் 1985-ல் வந்த 'ஸ்டாண்டர்டு 2000' எடுபடவில்லை. 1980களின் கடைசியில் அங்கே கார் தயாரிப்பே நின்றுபோயிற்று. ஆக, எடைக்குப் போட்டால் மறுபடி கிடைக்காத சாமான் இது. வீட்டுக்காரரிடம் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

இதைப் புதுப்பிக்க உங்கள் வட்டாரத்தை விடப் பொருத்தமான இடம் வேறு எது? பாடியில் 1960-ல் வீல்ஸ் இந்தியா, 1961-ல் லூகாஸ் டி.வி.எஸ்., 1962-ல் பிரேக்ஸ் இந்தியா என்று வரிசையாகக் கம்பெனிகள் தோன்றின. சக்கரம், மின்சாரம், பிரேக் மூன்றும் ஒரே ஊரில்! ஆவடியில் 1955-ல் டியூப் கம்பெனி, 1961-ல் கனரக வாகனத் தொழிற்சாலை. 1965-ல் 'விஜயந்தா' டாங்கி அங்கேதான் முதன்முதலாக உருண்டு வந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டிலோ லேத் இல்லாத தெருவைத் தேடிப்பிடிக்க வேண்டும். டாங்கி செய்கிற ஊரில் ஒரு சின்னக் காரைச் சரிசெய்ய ஆள் கிடைக்காமல் போகுமா?

ஆள் கிடைப்பார். ஆனால் வேலையின் வரிசை தெரிந்திருக்க வேண்டியது நீங்கள். வரிசை தப்பினால் பணம் தண்ணீராய் ஓடும். பாதி பிரித்த கார், பிரிக்காத காரைவிட மோசம். அது ஷெட்டையும் அடைத்துக்கொண்டு, மனதையும் அடைத்துக்கொள்ளும்.

*

முதல் வேலை, காரைத் தொடுவது அல்ல, பீரோவைத் திறப்பது. ஆர்.சி. புத்தகம் இருக்கிறதா? யார் பெயரில் இருக்கிறது? அதிலுள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் காரில் பொறித்திருப்பதோடு ஒத்துப்போகின்றனவா? காகிதம் சரியில்லாத காருக்கு எவ்வளவு செலவழித்தாலும் அது வாசல் தாண்டாது. பெரியவர் காலமாகிவிட்ட வீடானால், பெயர் மாற்றத்துக்கு வாரிசுப் பத்திரங்களும் வேண்டியிருக்கும்.

இரண்டாவது, துருப் பரிசோதனை. குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கும் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துக்கொள்ளுங்கள். கதவின் அடிப்பாகம், சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு, தரையின் ஓரம் என்று ஒவ்வோர் இடமாக வைத்துப் பாருங்கள். இரும்பானால் 'டக்' என்று பிடித்துக்கொள்ளும். பிடிக்காமல் நழுவினால் அங்கே இரும்பு இல்லை. யாரோ முன்பே பட்டி பூசி, மேலே வர்ணம் அடித்து மறைத்திருக்கிறார்கள். முகப்பூச்சுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரியாதா என்ன!

ஹெரால்டில் ஒரு சௌகரியம் உண்டு. அதன் பாடி பல பகுதிகளாகச் செய்து, தனியான சேசிஸின்மேல் போல்ட்டுப் போட்டு முடுக்கியது. ஒரு பகுதி கெட்டால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். ஆனால் பாரத்தைத் தாங்குவது அடியிலுள்ள சேசிஸ். அதன் பக்கவாட்டுக் கைகளில்தான் ஈரமும் சேறும் தங்கித் துருப்பிடிக்கும். ஸ்குரூ டிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். முனை உள்ளே போனால், மற்ற எந்தச் செலவுக்கும் முன்னால் சேசிஸ் வேலைதான். மேலே எவ்வளவு மினுக்கினாலும் அஸ்திவாரம் இற்றுப்போன வீட்டில் குடியிருப்போமா?

2015 டிசம்பர் வெள்ளத்திலோ, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலோ உங்கள் கார் தண்ணீரில் நின்றதா? அப்படியானால் சாவியைத் திருப்பவே கூடாது. எஞ்சின், கியர் பெட்டி, பின் ஆக்ஸில் மூன்றிலிருந்தும் கொஞ்சம் எண்ணெயை வடித்துப் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் படாத காராக இருந்தாலும், பல வருஷம் நின்ற எஞ்சினை இழுத்துக் 'கிளப்பி'ப் பார்ப்பது அடாவடி. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, சில நாள் ஊறவிட்டு, கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். உளுந்து ஊறாமல் கிரைண்டரில் போடுவோமா?

*

பிரிக்கும் வேலையில் உங்களுக்கு ஈடு யாரும் கிடையாது. அஞ்சறைப்பெட்டியை ஆள்கிறவர்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? காலியான ஹார்லிக்ஸ் பாட்டில்களை எடுத்து, ஒவ்வொரு இடத்து நட்டு போல்ட்டையும் தனித்தனியாகப் போட்டு, 'வலது முன் கதவு', 'ரேடியேட்டர்' என்று சீட்டு ஒட்டுங்கள். கழற்றும் முன் ஒரு போட்டோ, கழற்றிய பின் ஒரு போட்டோ. ஆறு மாதம் கழித்துத் திரும்பப் பூட்டும்போது நினைவு கைவிடும், சீட்டு கைவிடாது.

இன்னொரு சூட்சுமம். இந்தக் காரின் நட்டுகள் அங்குலக் கணக்கு. இப்போது வீட்டில் இருக்கும் ஸ்பானர்கள் மில்லி மீட்டர் கணக்கு. அரை அங்குலம் என்றால் 12.7 மில்லி மீட்டர். 13 மில்லி மீட்டர் ஸ்பானர் அதில் பொருந்துவது போலவே இருக்கும். இறுக்கித் திருப்பினால் நட்டின் முனைகள் மழுங்கிப் போகும். அங்குல ஸ்பானர் செட் ஒன்று வாங்கிவிடுங்கள். இந்தச் செலவு வீண் போகாது.

மூன்று விஷயங்களில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பிள்ளையானாலும் மெக்கானிக்கானாலும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

ஒன்று: ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் காருக்கு அடியில் படுக்கக் கூடாது. உறுதியான இரும்பு ஸ்டாண்டு, கெட்டியான தரை, சக்கரத்துக்குத் தடைக்கட்டை மூன்றும் வேண்டும். செங்கல்லை அடுக்கி அதன்மேல் நிறுத்துவது உயிரோடு விளையாடுவது. செங்கல் விரிசல் விட்டுச் சொல்லிக்கொண்டு உடைவதில்லை.

இரண்டு: பழைய பிரேக் லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கும். டிரம்மைத் திறந்ததும் உள்ளிருக்கும் தூசியை வாயால் 'பூ' என்று ஊதுவது பல மெக்கானிக்குகளின் வழக்கம். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால், பல வருஷம் கழித்துக்கூட வியாதி வரும். முகமூடி போட்டுக்கொண்டு, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறிய வேண்டும். குழந்தைகள் அந்தப் பக்கமே வரக்கூடாது.

மூன்று: பெட்ரோல் டாங்கியை வீட்டில் பற்றவைக்கக் கூடாது. காலி டாங்கிதானே என்பார்கள். நிறைந்த டாங்கியைவிடக் காலி டாங்கிதான் ஆபத்து. உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும்.

*

இனி, எதை முதலில் சீர்செய்வது? பிள்ளைகள் எஞ்சின் என்பார்கள். பெரியவர்கள் வர்ணம் என்பார்கள். நான் பிரேக் என்கிறேன். ஓடாத கார் யாரையும் கொல்லாது. நிற்காத கார் கொல்லும்.

அந்தக் காலத்துக் கார்களில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பிரேக் குழாய் வழிதான். எங்கேயாவது ஓர் ஒழுக்கு ஏற்பட்டால், மிதித்த கால் தரை வரை போகும். வண்டி போய்க்கொண்டே இருக்கும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உடையது. நம் சென்னைக் காற்றில் கேட்க வேண்டுமா? நாளடைவில் சிலிண்டர்கள் உள்ளேயே துருப்பிடித்துப் போகின்றன. ஆகவே ரப்பர் வாஷர்கள், ஹோஸ் குழாய்கள், எண்ணெய் எல்லாவற்றையும் தயங்காமல் புதிதாக மாற்ற வேண்டும். கூடவே, முன் சக்கரத்துக்கு ஒரு வழி, பின் சக்கரத்துக்கு ஒரு வழி என்று பிரித்துத் தரும் இரட்டை மாஸ்டர் சிலிண்டரைத் தேர்ந்த மெக்கானிக்கைக் கொண்டு பொருத்தினால், ஒன்று போனாலும் மற்றொன்று காப்பாற்றும். முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வைப்பதும் புதுமையல்ல. இங்கிலாந்து ஹெரால்டில் அந்தக் காலத்திலேயே அது உண்டு.

அடுத்தது டயர். ஷெட்டில் நின்ற டயரின் பட்டன்கள் தேயாமல் பளிச்சென்று இருக்கும். ஏமாற வேண்டாம். ரப்பர் வெயிலிலும் வயதிலும் வெடித்துப் போயிருக்கும். 13 அங்குல ரேடியல் டயர் போட்டால் பிடிமானம் கூடும். ஆனால் ஐந்தையும் ஒரே வகையாகப் போடுங்கள். பழைய வகை இரண்டு, ரேடியல் இரண்டு என்று கலந்தால் வளைவில் கார் தன் இஷ்டத்துக்குப் போகும். ரிம்மில் விரிசல் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது மின்சாரம். பழைய கார்களில் டைனமோ இருந்தது. சிக்னலில் நிற்கும்போது அது போதிய மின்சாரம் தராது. விளக்கு மங்கும், பாட்டரி இறங்கும். அதற்குப் பதில் ஆல்டர்னேட்டர் போடுவது நல்ல மாறுதல். பாடியில் அன்றாடம் தயாராகும் சாமான்தானே! ஒரே எச்சரிக்கை: அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் பாட்டரியின் பிளஸ் முனையைப் பாடியோடு இணைத்திருப்பார்கள். இப்போதெல்லாம் மைனஸ். பார்க்காமல் மாட்டினால் புது ஆல்டர்னேட்டர் ஒரு நொடியில் கருகிவிடும். பழைய ஒயர்களின் உறை உதிர்ந்திருந்தால் ஒட்டுப் போடாமல் முழுவதும் மாற்றுங்கள். காரில் நெருப்புப் பிடிக்க ஓர் ஒயர் போதும்.

நான்காவது பெட்ரோல். ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகளை அந்த ஈயம்தான் தேயாமல் காத்துவந்தது. எஞ்சினைத் திறக்கும் சமயத்திலேயே கடினமான வால்வு இருக்கைகளை வைத்துவிட்டால் பிறகு கவலை இல்லை. இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இது பழைய ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டர் வாஷர்களையும் இளக்கிவிடும். பல நாள் நின்றால் தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளும். எத்தனால் தாங்கும் குழாய்களை மாற்றுங்கள். மாதக்கணக்கில் ஓட்டப் போவதில்லை என்றால் டாங்கியில் பெட்ரோலை ஊற வைக்காதீர்கள்.

*

இப்போது பிள்ளையின் ஆசைக்கு வருவோம். புது எஞ்சின் வைத்தால் பறக்கும் என்கிறான். வாஸ்தவம், பறக்கும். ஆனால் வளைவில் என்ன ஆகும்?

ஹெரால்டின் பின் சக்கரங்கள் இரண்டும் தனித்தனியே மேலும் கீழும் ஆடும்படி, ஊஞ்சல் போன்ற ஆக்ஸிலில் மாட்டியவை. மேடு பள்ளத்தில் சுகமாக இருக்கும். ஆனால் வேகமாக ஒரு வளைவில் போய், பயந்து திடீரென்று ஆக்ஸிலரேட்டரை விட்டாலோ, பிரேக்கை மிதித்தாலோ, காரின் பின்பாகம் உயர்ந்து, வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கும். பிறகு கார் சுழன்றுவிடும். 948 சி.சி. எஞ்சினோடு நிதானமாகப் போகும்வரை இந்தக் குணம் வெளியே தெரியாது. சக்தியை இரட்டிப்பாக்கிவிட்டு, பிரேக்கையும் ஆக்ஸிலையும் அப்படியே விட்டால், வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். இதைப் பிள்ளைக்குப் படம் போட்டுக் காட்டுங்கள். பொறியியல் மாணவன் அல்லவா, புரிந்துகொள்வான்.

சட்டமும் உங்கள் பக்கம்தான் பேசுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, தயாரித்த கம்பெனி வகுத்த அமைப்புக்கு மாறாகக் காரை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை வற்புறுத்திச் சொல்லியிருக்கிறது. மாற்றிய காருக்கு விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனியோடு வழக்காட வேண்டியும் வரலாம்.

அதோடு இன்னொரு நஷ்டம். 2021-ல் மத்திய சர்க்கார் 'விண்டேஜ்' கார்களுக்கு என்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவாகி ஐம்பது வருஷத்துக்கு மேலான கார், சேசிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாறுதல் இல்லாமல் மூலரூபத்தில் இருந்தால், அந்த வகையில் பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பத்து வருஷத்துக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய் என்று விதித்தார்கள். முன்பே பதிவான காருக்குப் பழைய எண்ணே நிலைக்கும். எம்.எஸ். என்று தொடங்கும் அந்த எண் பலகையை மாமனார் எத்தனை முறை துடைத்திருப்பார்! ஆனால் அந்தப் பதிவில் தினம் ஆபீஸ் போகவோ, வாடகைக்கு விடவோ முடியாது. கண்காட்சி, விண்டேஜ் ஊர்வலம், பெட்ரோல் போட, பழுது பார்க்க - இவற்றுக்குத்தான் சாலையில் வரலாம். வேறு எஞ்சினை வைத்த அன்றே இந்த வாசல் அடைபட்டுப் போகும். எந்த மாறுதலானாலும், கை வைப்பதற்கு முன் அம்பத்தூரோ பூந்தமல்லியோ உங்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுத்து மூலமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாமான்களுக்குப் புதுப்பேட்டையும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடும் இருக்கின்றன. ஹெரால்டின் பல உறுப்புகளை இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். ரப்பர் சாமான்களைத் தபாலில் வரவழைக்கலாம். பழைய உறுப்பைக் கையோடு எடுத்துப் போய், பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குவதே உத்தமம். புடவைக்கு ரவிக்கைத் துணி எடுக்கும் அதே முறைதான். வர்ணம் எல்லாவற்றுக்கும் கடைசி. பிரேக்கும் ஒயரும் முடியாமல் பெயின்ட் கடைக்குப் போனால், மறுபடி பிரிக்கும்போது புது வர்ணம்தான் கீறும்.

ஆவடிச் சகோதரிக்கு என் யோசனை இதுதான். வீட்டுக்காரரிடம் ஒரு வருஷ அவகாசமும், மாதம் இவ்வளவுதான் என்று ஒரு தொகையும் கேளுங்கள். கணக்கு நோட்டு உங்கள் கையில் இருக்கட்டும். பிள்ளையிடம் பிரேக் வேலையை ஒப்படையுங்கள். தேர்ந்த மெக்கானிக் ஒருவர் கூட இருந்து சரிபார்க்கட்டும். எஞ்சினைப் பறக்கவைப்பதைவிட, பழைய காரை நேராக நிறுத்திக்காட்டுவதில்தான் சாமர்த்தியம் அதிகம். அதன் முன்மூடி, சக்கரத்து வளைவுகளோடு முழுவதுமாக முன்னால் சாய்ந்து திறக்கும். முன் டயரின்மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். இருபத்தைந்தடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் அந்தச் சின்னக் கார், சந்துகள் நிறைந்த உங்கள் பேட்டைக்கு இன்றும் பொருந்தும்.

மாமனாருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். அந்தக் காரின் ஒவ்வொரு சத்தத்துக்கும் அர்த்தம் தெரிந்தவர் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான். ஷெட்டில் ஒரு நாற்காலி போட்டு, பக்கத்தில் ஒரு டம்ளர் காப்பியும் வைத்து, "அப்பா, இது எப்படி இருந்தது, சொல்லுங்கள்" என்று பிள்ளையை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். அட்டைப்பெட்டிகளை இந்த ஞாயிற்றுக்கிழமையே இறக்கிவிடுங்கள்.